சீரீஸைக் கண்ட பியாட்சி

இரவு வானில் ஒளிரும் விண்மீன்கள் எண்ணற்றவை. அவற்றுள் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் நிற்பன போலத் தோன்றுகின்றன. ஒரு சில மட்டும் நாள்தோறும் சிறிது சிறிதாக இடம் பெயர்ந்து செல்கின்றன. அவற்றையே முன்னோர் கோள்கள் என்று பிரித்து அறிந்தனர். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் தொன்றுதொட்டு மக்கள் வெறுங்கண்ணால் கண்டு வந்தவை. பூமியும் ஞாயிற்றைச் சுற்றிவரும் ஒரு கோளே என்பது தெளிவானபின் கோள்களின் தொகை ஆறாயிற்று. 1781ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் அறிஞர் தொலைநோக்கியின் துணையால் யுரேனஸைக் கண்டறிந்தார். கோள்கள் ஏழாயின.

எட்டாம் கோளைக் கண்டவர் என்று உலகம் ஒருவரைப் புகழ்ந்தது. அப்புகழ் பரவி ஈராண்டு நிறையுமுன்பே, அவர் கண்டது கோள் அன்று என்னும் சொல்லையும் அவர் கேட்க நேர்ந்தது. அவர் கண்ட பொருளுக்கு மனிதர் இட்ட வகைப்பெயர் இருநூறு ஆண்டுகளில் மும்முறை மாறிற்று. ஆனால் அவர் எடுத்த அளவுகளோ மாறாமல் நிலைத்தன. அவர் பெயர் ஜுசெப்பே பியாட்சி.

பிறப்பும் கல்வியும்

இத்தாலி நாட்டின் வடக்கெல்லையில், ஆல்ப்சு மலைத்தொடரின் அடிவாரத்தே வால்தெல்லினா என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்குள்ள போன்தே என்னும் சிற்றூரில் 1746ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16ஆம் நாள் பியாட்சி பிறந்தார். இளமையிலேயே துறவு வாழ்வில் நாட்டங்கொண்டு, தியேட்டின் என்னும் கிறித்துவத் துறவியர் சபையிற் சேர்ந்தார். அச்சபையின் கல்விநிலையங்களில் மெய்ப்பொருளியலும் கணிதமும் கற்றுத் தேர்ந்தார். பின்னர் ஜெனோவா, மால்ட்டா, ராவென்னா, உரோம் முதலிய இடங்களில் ஆசிரியராய்ப் பணியாற்றினார். முப்பத்தைந்து வயதை எட்டும் வேளையில், இத்தாலியின் தென்கோடியை அடுத்த சிசிலித் தீவின் தலைநகராகிய பலேர்மோவிற்குக் கணிதப் பேராசிரியராய் வந்து சேர்ந்தார்.

அந்நாள்வரை பியாட்சி வானநூலில் பயிற்சி பெற்றவர் அல்லர். விண்மீன்களை அளந்து பழகியவரும் அல்லர். ஆயினும் சிசிலியை ஆண்ட அரசப் பிரதிநிதி, அத்தீவில் ஒரு வானாய்வுக் கூடம் அமைய வேண்டும் என்று விரும்பினார். அப்பொறுப்பு பியாட்சியிடம் வந்தது. 1787ஆம் ஆண்டு அவர் வானநூற் பேராசிரியராய் அமர்த்தப்பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பது. பிறருக்குக் கற்பிக்கும் நிலையில் இருந்த அவர், தாம் கற்க வேண்டியவை பல உள என்பதை உணர்ந்தார். நாணாது மீண்டும் மாணவராகி, அவ்வாண்டே கடல் கடந்து புறப்பட்டார்.

கருவியைத் தேடிய பயணம்

முதலில் பியாட்சி பாரிசு நகரை அடைந்தார். அங்கே லாலாண்டு என்னும் புகழ்மிக்க வானநூலாரிடம் பயின்றார். அடுத்து இங்கிலாந்து சென்று, கிரீன்விச் வானாய்வுக் கூடத் தலைவரான மாஸ்கெலினிடம் விண்ணளவு முறைகளைக் கற்றார். யுரேனஸைக் கண்ட ஹெர்ஷலையும் நாடிச் சென்றார். ஹெர்ஷலின் பெரிய தொலைநோக்கியில் நோக்குவதற்கு உயர்ந்த ஏணியில் ஏறவேண்டும். அதிலிருந்து தவறி விழுந்து பியாட்சி கை முறிந்தார். அத்துன்பமும் அவர் ஊக்கத்தைத் தணிக்கவில்லை.

அவர் பயணத்தின் தலையாய நோக்கம் ஒரு நற்கருவியைப் பெறுவதாகும். அக்காலத்தில் அளவைக் கருவிகள் செய்வதில் இலண்டன் நகரத்து ஜெசி ராம்ஸ்டனுக்கு இணையாவார் இலர். ஆனால் குறித்த காலத்தில் வேலையை முடித்துக் கொடுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. சிறு குறை தோன்றினும் செய்ததைக் கலைத்துவிட்டு மீண்டும் தொடங்குவார். அவரிடம் கருவி கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் பலர். பியாட்சி விரும்பியதோ ஐந்தடிக் குறுக்களவுள்ள ஒரு முழுவட்டக் கருவி. நிமிர்ந்து நிற்கும் அவ்வட்டத்தின் விளிம்பில் நுண்ணிய அளவுக்கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். தொலைநோக்கி ஒரு விண்மீனை நோக்கி நிற்கும்போது, அக்கோடுகளை உருப்பெருக்கிகளின் வாயிலாகப் படித்து, அம்மீன் வானில் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைக் கணக்கிடலாம். அத்தகைய கருவியைச் செய்வது அரிது. பியாட்சி ராம்ஸ்டனை விட்டு நீங்காமல், நயந்தும் வேண்டியும் ஊக்கியும் வந்தார். 1789ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அக்கருவி முற்றுப்பெற்றது. ராம்ஸ்டனின் படைப்புகளுள் தலைசிறந்தது அதுவே என்று வானநூலார் போற்றினர்.

அக்கருவி கடல்வழியே பலேர்மோ வந்து சேர்ந்தது. அந்நகரத்து அரண்மனையின் கோபுரம் ஒன்றன்மேல் வானாய்வுக் கூடம் எழுப்பப்பெற்றது. ஐரோப்பாவின் பெரிய ஆய்வுக்கூடங்கள் பலவற்றினும் அது தெற்கே அமைந்திருந்தது. எனவே வடநாட்டாருக்குப் புலப்படாத தென்வான் மீன்கள் பலவும் அங்கிருந்து தெரிந்தன. தெளிந்த வானம், சிறந்த கருவி, ஓயாத உழைப்பு ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே அமைந்தன.

விண்மீன் பட்டியல்

பியாட்சி மேற்கொண்ட பணி விண்மீன் பட்டியல் ஒன்றைத் தொகுத்தலாகும். ஒவ்வொரு விண்மீனும் வானில் நிற்கும் இடத்தை அளந்து எழுதுவதே அப்பணி. கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. முன்னோர் பலரும் இத்தகைய பட்டியல்களைத் தொகுத்திருந்தனர். ஆயினும் பெரும்பாலோர் ஒரு மீனை ஒருமுறை அளந்தபின் அடுத்ததற்குச் சென்றனர். கருவி சிறிது அசைந்தாலும், காற்று கலங்கினாலும், எண்ணை எழுதும் கை தவறினாலும் பிழை நேரும். அப்பிழையைப் பின்னர் அறிந்துகொள்ள வழியில்லை. ஆதலின் பியாட்சி தமக்கென ஒரு நெறியை வகுத்துக்கொண்டார். ஒரு விண்மீனை ஓர் இரவு மட்டும் அளப்பதோடு அவர் அமையார். அடுத்தடுத்த பல இரவுகளிலும் அதனையே மீண்டும் அளப்பார். அளவுகள் எல்லாம் ஒத்திருந்தால் மட்டுமே அதனை ஏற்பார். இவ்வாறு பத்தாண்டுகளுக்கு மேலாக உழைத்தார். அந்நெறியே அவருக்கு உலகப்புகழைத் தேடித் தந்தது.

வெற்றிடம் எனக் கருதிய வெளி

பியாட்சி பலேர்மோவில் விண்மீன்களை அளந்துகொண்டிருந்த காலத்தில், செருமனி நாட்டு வானநூலார் வேறொரு சிக்கலை ஆராய்ந்துகொண்டிருந்தனர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே மிகப் பெரிய இடைவெளி உள்ளது. கோள்களின் தொலைவுகளுக்கிடையே ஓர் ஒழுங்கு இருப்பதாக 1766ஆம் ஆண்டில் டிட்டியஸ் என்பவர் கூறினார்; போடே என்பவர் அதனைப் பரப்பினார். 0, 3, 6, 12, 24, 48, 96 என்று எண்களை இரட்டித்து எழுதி, ஒவ்வொன்றனோடும் 4ஐக் கூட்ட வேண்டும். அப்போது 4, 7, 10, 16, 28, 52, 100 என்னும் எண்கள் கிடைக்கும். ஞாயிற்றிலிருந்து பூமியின் தொலைவை 10 என்று கொண்டால், புதன் ஏறத்தாழ 4, வெள்ளி 7, செவ்வாய் 16, வியாழன் 52, சனி 100 என்று அமைகின்றன. யுரேனஸ் கண்டறியப்பட்டபோது, அதுவும் இவ்வரிசையின் அடுத்த எண்ணாகிய 196க்கு அருகில் அமைந்தது. ஆனால் 28 என்னும் எண்ணுக்கு உரிய கோள் மட்டும் காணப்படவில்லை.

அங்கே ஒரு கோள் மறைந்திருத்தல் வேண்டும் என்று பலர் நம்பினர். 1800ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் லிலியந்தால் என்னும் ஊரில் அறுவர் கூடினர். கோள்கள் செல்லும் வான்பாதையை இருபத்து நான்கு பகுதிகளாகப் பிரித்து, இருபத்து நான்கு அறிஞர்களுக்குப் பகிர்ந்தளித்துத் தேடுவதெனத் திட்டமிட்டனர். அவ்வறிஞர்களுள் பியாட்சியும் ஒருவர். எனினும் அவ்வழைப்பு அவர் கையை எட்டுமுன்பே, அவர்கள் தேடிய பொருள் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

நகர்ந்த ஒளிப்புள்ளி

1801ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் மாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் நாள் அது. பியாட்சி வழக்கம்போல் கருவியின்முன் அமர்ந்து இடப மண்டலத்து மீன்களை அளந்துகொண்டிருந்தார். முந்தைய பட்டியல் ஒன்றில் குறிக்கப்பட்டிருந்த மீனைச் சரிபார்ப்பதே அன்றைய வேலை. அதன் அருகே மங்கலான சிறு மீன் ஒன்று தோன்றிற்று. அதன் இடத்தையும் அவர் அளந்து எழுதினார். அது வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அளவு ஒளி குன்றியது. அதில் வியப்பதற்கு ஒன்றும் இருப்பதாக அவ்வேளையில் அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் இரவு, தம் நெறிப்படி அம்மீன்களை அவர் மீண்டும் அளந்தார். மற்றவை முன்னிருந்த இடத்திலேயே இருந்தன. அச்சிறு மீனின் அளவு மட்டும் ஒத்துவரவில்லை. வேறொருவராயின் முதல்நாள் அளவே பிழை என்று கருதி, அதனை அடித்துவிட்டிருப்பார். பியாட்சிக்கும் முதலில் அவ்வையமே எழுந்தது. ஆதலின் மூன்றாம் இரவும் அளந்தார். அது மேலும் நகர்ந்திருந்தது. நான்காம் இரவும் அளந்தார். ஐயம் நீங்கிற்று. அது விண்மீன் அன்று; ஞாயிற்றைச் சுற்றிவரும் ஏதோ ஒரு பொருள்.

அஃது எத்தகைய பொருள்? வால்மீனாகவும் இருக்கலாம், புதிய கோளாகவும் இருக்கலாம். வால்மீனுக்குரிய மூடுபனி போன்ற ஒளிப்படலம் அதனைச் சூழ்ந்திருக்கவில்லை. அதன் நகர்ச்சியும் மெல்லியதாய், ஒழுங்காய் இருந்தது. அது கோளாகவே இருக்கக்கூடும் என்று பியாட்சியின் உள்ளம் எண்ணிற்று. ஆயினும் போதிய சான்று இன்றிக் கோள் என்று பறைசாற்ற அவர் துணியவில்லை. சனவரி 24ஆம் நாள் வெளிநாட்டு அறிஞர்களுக்குக் கடிதம் எழுதியபோது, வால்மீன் ஒன்றைக் கண்டதாகவே அறிவித்தார். மிலான் நகரத்து ஒரியானி அவருடைய நெருங்கிய நண்பர். அவருக்கு எழுதிய மடலில் மட்டும், அது வால்மீனினும் மேலான ஒன்றாக இருக்கலாம் என்னும் தம் எண்ணத்தைத் தெரிவித்தார்.

காணாமற்போன பொருள்

மேகம் மறைத்த இரவுகள் நீங்கலாக, பியாட்சி இருபத்து நான்கு முறை அப்பொருளை அளந்தார். பிப்ரவரி 11ஆம் நாள் அவர் எடுத்ததே கடைசி அளவு. பின்னர் அவர் நோயுற்றுப் படுத்தார். அஞ்சல் மெல்லச் சென்ற காலம் அது. கடிதங்கள் உரியவர்களை அடையவே பல வாரங்கள் ஆயின. அதற்குள் அப்பொருள் ஞாயிற்றின் ஒளிக்குள் மறைந்துவிட்டது. வேறு எவரும் அதனைக் காணவில்லை.

பியாட்சி தம் அளவுகள் அனைத்தையும் உடனே வெளியிடவில்லை என்று அறிஞர் சிலர் குறை கூறினர். முதலிலேயே எல்லாவற்றையும் அனுப்பியிருந்தால் உடனே தேடியிருக்கலாமே என்று வருந்தினர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. அதன் பாதையைத் தாமே கணக்கிட்டு அறிய வேண்டும் என்னும் விருப்பம் பியாட்சிக்கு இருந்தது. அவ்விருப்பம் நிறைவேறவில்லை. பின்னர்த் தம் அளவுகள் அனைத்தையும் அவர் பிறருக்கு அனுப்பினார். அவ்வாண்டு செப்டம்பரில் அவை அச்சேறின.

நாற்பத்தொரு நாட்களின் அளவுகளே கையில் இருந்தன. ஞாயிற்றைச் சுற்றும் முழுப்பாதையில் அது நாற்பதில் ஒரு பங்கே ஆகும். ஒரு வளையத்தின் சிறு துண்டைக் கண்டு முழுவளையத்தையும் வரைவது போன்ற செயல் அது. பலர் முயன்று தோற்றனர். அப்போது செருமனி நாட்டுப் பிரன்சுவிக் நகரில் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் இக்கணக்கை மேற்கொண்டார். அவரே பின்னாளில் கணித உலகின் தலைவராய்ப் போற்றப்பட்ட காஸ். அவர் புதியதொரு கணித முறையை வகுத்து அப்பாதையைக் கணித்தார். பிறர் காட்டிய இடத்திற்குச் சற்று விலகி, வானின் வேறொரு பகுதியைச் சுட்டிக்காட்டினார்.

1801ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் சாக் என்பவரும், அதனை அடுத்து ஓல்பர்ஸ் என்பவரும் தொலைநோக்கியை அவ்விடம் நோக்கித் திருப்பினர். காஸ் கூறிய இடத்திற்கு மிக அருகிலேயே அப்பொருள் நின்றது. பியாட்சி முதன்முதலில் கண்ட நாளிலிருந்து சரியாக ஓராண்டு கழிந்திருந்தது. காஸின் கூர்த்த மதி பாராட்டற்குரியது. ஆனால் பலேர்மோவில் எடுத்த அளவுகளில் சிறு பிழை மலிந்திருப்பினும் அக்கணக்கு பயனற்றுப் போயிருக்கும். நோயுறும் வரை ஓயாமல் அளந்தவரின் உழைப்பே அதற்கு அடித்தளமாயிற்று.

அப்பொருளின் தொலைவு 28 என்னும் எண்ணுக்கு மிக நெருங்கி அமைந்தது. அது வால்மீன் அன்று என்பதும் உறுதியாயிற்று. பியாட்சி அதற்குச் சீரீஸ் பெர்டினாண்டியா என்று பெயரிட்டார். சீரீஸ் என்பது விளைநிலங்களைக் காக்கும் தெய்வமாகச் சிசிலியில் பண்டு வழிபடப்பெற்ற தேவியின் பெயர். பெர்டினாண்டு அந்நாட்டு மன்னரின் பெயர். மன்னர் பெயரைப் பிற நாட்டார் ஏற்கவில்லை. சீரீஸ் என்பதே நிலைத்தது. மன்னர் பியாட்சியின் உருவம் பொறித்த பொற்பதக்கம் ஒன்றை வெளியிட விரும்பினார். அதற்காகும் பொருளைக்கொண்டு ஆய்வுக்கூடத்திற்கு ஒரு தொலைநோக்கி வாங்கித் தருமாறு பியாட்சி வேண்டிக்கொண்டார்.

கோளா, சிறுகோளா?

எட்டாம் கோள் கிடைத்துவிட்டது என்னும் மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1802ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஓல்பர்ஸ் மற்றொரு பொருளைக் கண்டார். பல்லாஸ் என்னும் அதுவும் ஏறத்தாழ அதே தொலைவில் சுற்றிவந்தது. ஒரு கோளுக்கு உரிய இடத்தில் இரண்டு எவ்வாறு இருத்தல் கூடும்? ஹெர்ஷல் அவ்விரண்டையும் தம் பெரிய தொலைநோக்கியால் ஆராய்ந்தார். கோள்கள் சிறு வட்டத்தட்டுப்போலத் தோன்ற, இவையோ விண்மீன்களைப்போல வெறும் புள்ளிகளாகவே தோன்றின. சீரீஸின் குறுக்களவு 260 கிலோமீட்டர் அளவே இருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். இவற்றைக் கோள்கள் என்று கூறல் பொருந்தாது. விண்மீன் போன்றவை என்று பொருள்படும் புதுப்பெயரால் வழங்குதலே தகும் என்றார். அவ்வினமே இன்று தமிழில் சிறுகோள்கள் எனப்படுகிறது.

இது பியாட்சிக்கு உவப்பாக இல்லை. ஞாயிற்றைச் சுற்றும் பொருளுக்கு விண்மீனின் பெயர் எவ்வாறு பொருந்தும் என்பது அவர் கருத்து. கோள் போன்றவை என்று பொருள்படும் பெயரே தக்கது என்று அவர் எண்ணினார். ஆயினும் தாம் கண்டதற்காகப் பூசலிட்டு நிற்கவில்லை. மீண்டும் தம் விண்மீன் பட்டியலுக்கே திரும்பினார்.

1804இல் ஜூனோவும் 1807இல் வெஸ்டாவும் அதே வெளியில் காணப்பட்டன. ஹெர்ஷல் இட்ட பெயர் ஒருபுறம் இருக்க, நூல்கள் பலவற்றில் இந்நான்கும் கோள்களாகவே எண்ணப்பட்டு வந்தன. 1845க்குப்பின் இத்தகைய பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றத் தொடங்கின. எல்லாவற்றையும் கோள் என்று எண்ணுவது இயலாதாயிற்று. எனவே வானநூலார் அவற்றைத் தனியினமாக்கி, கண்டறிந்த வரிசைப்படி எண்ணிட்டனர். சீரீஸ் முதலாம் எண்ணைப் பெற்றது. கோள் என்னும் பெயரை இழந்தது.

பியாட்சியின் பிற்காலம்

1803ஆம் ஆண்டில் பியாட்சி 6,748 விண்மீன்கள் அடங்கிய பட்டியலை வெளியிட்டார். அது பிரெஞ்சு அறிஞர் கழகத்தின் பரிசைப் பெற்றது. 1814ஆம் ஆண்டில், தம் மாணவர் காச்சத்தோரேயின் துணையுடன் 7,646 விண்மீன்கள் அடங்கிய இரண்டாம் பட்டியலை வெளியிட்டார். இவற்றைத் தொகுக்கும்போது மற்றோர் உண்மையும் புலனாயிற்று. அன்ன மண்டலத்தில் 61ஆம் எண் பெற்ற மங்கலான மீன் ஒன்று, ஏனைய விண்மீன்களினும் விரைவாக இடம் பெயர்வதை அவர் கண்டார். விரைந்து நகரும் மீன் அண்மையில் இருத்தல் கூடும். பெசல் என்னும் செருமானிய அறிஞர் அம்மீனையே தேர்ந்தெடுத்து ஆராய்ந்து, 1838இல் அதன் தொலைவை அறிவித்தார். விண்மீன் ஒன்றன் தொலைவை மனிதர் நம்பத்தகுந்த முறையில் அளந்தறிந்தது அப்போதுதான்.

சிசிலித் தீவின் எடை, அளவை முறைகளைச் சீர்ப்படுத்தும் பணியிலும் பியாட்சி ஈடுபட்டார். 1817ஆம் ஆண்டில் நேப்பிள்சு, பலேர்மோ ஆகிய இரு நகரங்களின் வானாய்வுக் கூடங்களுக்கும் தலைவராய் அமர்த்தப்பெற்றார். நேப்பிள்சு நகரில் புதிய ஆய்வுக்கூடம் நிறைவுறத் துணைபுரிந்தார். அந்நகரிலேயே 1826ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள், தம் எண்பதாம் வயதில் இயற்கை எய்தினார்.

மீண்டும் எழுந்த வினா

பியாட்சி மறைந்து நூறாண்டுகள் கடந்தபின், 1930ஆம் ஆண்டில் புளூட்டோ கண்டறியப்பட்டு ஒன்பதாம் கோள் எனப்பட்டது. பின்னர் அதனை அடுத்த தொலைவெளியிலும் பல பொருள்கள் காணப்பட்டன. 2005ஆம் ஆண்டில் ஏறத்தாழப் புளூட்டோவின் அளவேயுள்ள எரிஸ் அறியப்பட்டது. சீரீஸுக்கு நேர்ந்த நிலையே புளூட்டோவுக்கும் நேர்ந்தது. கோள் என்பது யாது என்னும் வினா மீண்டும் எழுந்தது.

2006ஆம் ஆண்டு ஆகத்து 24ஆம் நாள் பிராகு நகரில் கூடிய உலக வானநூலார் சங்கம் அதற்கு விடை வகுத்தது. கோள் என்பது ஞாயிற்றைச் சுற்றிவருதல் வேண்டும். தன் ஈர்ப்பாற்றலால் உருண்டை வடிவம் பெற்றிருத்தல் வேண்டும். தன் பாதையின் சூழலில் தன்னோடு ஒத்த பிற பொருள்கள் இல்லாதவாறு அதனைத் தன் ஆட்சிக்குட்படுத்தியிருத்தல் வேண்டும். முதல் இரண்டும் பொருந்தி மூன்றாவது பொருந்தாதவை குறுங்கோள்கள் எனப்பட்டன. துணைக்கோள்கள் இவ்வகையில் சேரா. புளூட்டோவும் எரிஸும் சீரீஸும் குறுங்கோள்களாயின. இவ்வாறு புளூட்டோ ஒருபடி இறங்கிய அதே நாளில், சீரீஸ் ஒருபடி ஏறிற்று.

2015ஆம் ஆண்டில் டான் என்னும் விண்கலம் சீரீஸை அடைந்து அதனைச் சுற்றிவந்து ஆராய்ந்தது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 940 கிலோமீட்டர். ஹெர்ஷல் மதிப்பிட்டதைப்போல் மும்மடங்கிற்கும் மேலானது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுபொருள்களின் மொத்தப் பொருண்மையில் மூன்றில் ஒரு பங்கு சீரீஸ் ஒன்றிலேயே அடங்கியுள்ளது. பியாட்சிக்கு அது வெறும் ஒளிப்புள்ளி. விண்கலத்தின் கண்ணுக்கோ அது பள்ளங்களும் ஒரு தனிமலையும் வெண்ணிற உப்புப் படிவங்களும் உடைய தனியோர் உலகமாய்த் தோன்றிற்று.

வால்மீன், கோள், சிறுகோள், குறுங்கோள் என்று மனிதர் சீரீஸுக்கு இட்ட பெயர்கள் பல. அறிவு வளருந்தோறும் பெயர்கள் மாறுதல் இயல்பே. இன்றைய பெயரும் நாளை மாறலாம். ஆனால் நூற்றாண்டின் முதல் இரவில் பலேர்மோவின் கோபுரத்தில் ஒருவர் எழுதிய எண்கள் மாறவில்லை. ஒருமுறை அளந்ததை மறுமுறையும் அளந்து பார்த்த நேர்மை அவற்றில் நிறைந்திருந்தது. ஆயிரமாவது எண் பெற்ற சிறுகோளுக்கு வானநூலார் பியாட்சியா என்று பெயர் சூட்டினர். முதலாம் எண்ணுக்குரியதைக் கண்டவருக்கு அவ்வாயிரமாவது எண் உரியதாயிற்று.